அரத்தில் உருட்டிய குண்டு

என் பட்டுப்புடவைப் பெட்டியின் அடியில் ஒரு ஈயக் குண்டு கிடக்கிறது. நெல்லிக்காயில் பாதி இருக்கும். மேலெல்லாம் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல். அந்தக் கீறலைப் போட்டவள் நான். போட வைத்தவர் என் மாமனார். அவர் செத்து இத்தனை வருஷமாகியும் அவர்மேல் எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் சாமியிடம் கேட்டுக்கொண்டதும் இல்லை.

காஞ்சிபுரத்தில் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போனபோது எனக்கு இருந்த பெருமையே என் விரல்தான். தறியில் நீளவாட்டில் ஓடும் பழைய பாவு முடிந்ததும் புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாய் அதோடு முறுக்கிப் பிணைக்க வேண்டும். சாம்பலைத் தொட்டு நான் பிணைத்தால் பிணைத்த இடமே தெரியாது. நாலு தெரு தள்ளியிருந்தும் என்னைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். மாமனாருக்கும் அதே வேலையில்தான் பேர். ஒருநாள் அவர் பிணைத்த பாவில் இரண்டு இழை மாறியிருந்ததை, புடவை பார்க்க வந்தவர்கள் எதிரிலேயே சொல்லித் தொலைத்துவிட்டேன். அவர் கோபப்படவில்லை. சிரித்தார். நானும் பைத்தியக்காரி, கூடவே சிரித்தேன்.

ஓரிக்கையில் பாலாற்றங்கரையில் அவருக்குக் கடலைக்கொல்லை. பன்றிக்காக ஒரு பழைய துப்பாக்கி வைத்திருந்தார். வாய் வழியாக மருந்தும் குண்டும் போட்டு இடிக்கிற வகை. குழல் தேய்ந்து, அச்சில் வார்த்த குண்டு அதற்குள் லொடலொடவென்று ஆடும். அதனால் கீழே ஒரு அரம், மேலே ஒரு அரம், நடுவில் குண்டு என்று வைத்து அழுத்தி உருட்டுவார். அரத்தின் பல் பதிந்து ஈயம் பிதுங்கும்; குண்டு மயிரளவு பருத்துக் குழலைக் கவ்விக்கொள்ளும். நான் இழை மாறியதைச் சொன்ன மறுநாள் அந்த வேலையை என்னிடம் தள்ளினார்.

“உனுக்குத்தான் விரல் நல்லா ஓடுதே, உருட்டு மா. ரெண்டு உருட்டு, அதுக்கு மேல வாணாம். பெருத்துப்போனா பாதிக் குழல்ல மாட்டிக்கினு வெடிச்சிடும்.”

அவர் உருட்டும்போது மேல் அரத்தில் துணி சுற்றிக்கொள்வார். நான் சுற்றப் போனதும் பிடுங்கிக்கொண்டார். “துணி இருந்தா அழுத்தம் தெரியாது.” வெறும் விரலால் அழுத்தினேன், பங்குனி முழுக்க, சித்திரை முழுக்க. ஒரு கொல்லைக்கு இத்தனை குண்டு எதற்கு என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து காய்த்துப்போனது.

அப்புறம் ஒருநாள் புதுப் பாவு ஏற்றினார். அக்கம்பக்கத்து நெசவாளர்களை வரவழைத்துவிட்டு என்னைத் தறிமுன் உட்காரச் சொன்னார். தொட்ட இழையெல்லாம் விரலில் மாட்டிப் பிசிறு கிளம்பி அறுந்தது. என் கையைப் பிடித்து எல்லாருக்கும் திருப்பிக் காட்டினார்.

“இந்தக் கைய வச்சிக்கினு பட்டைத் தொடலாமா? போய்ச் சாணி தட்டு மா.”

எல்லாரும் சிரித்தார்கள். என் புருஷனும் சிரித்தார். என் விரலைக் கெடுக்கத்தான் குண்டு ஒரு சாக்கு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நான் அழவில்லை. அன்று மத்தியானமே உட்கார்ந்து உருட்டினேன். இரண்டு அல்ல, ஆறு உருட்டு. தெரிந்தேதான் செய்தேன். வழக்கமாக ஒவ்வொரு குண்டையும் குழல் வாயில் வைத்துப் பார்த்த பிறகுதான் பையில் போடுவார். இவளுக்கு இனி வாலாட்டத் துணிவு வராது என்ற தெம்பில் அன்று பார்க்கவில்லை. மறுநாள் விடியலில் கொல்லையில் பன்றி இறங்கியது. பாதியில் மாட்டிய குண்டை இடித்து இடித்துப் பார்த்துவிட்டு, பன்றி ஓடிவிடுமே என்று அப்படியே சுட்டிருக்கிறார். குழல் வெடித்தது. இடது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. வலது கை வெந்து மடங்கிப்போனது.

மாமியார் இல்லாத வீடு. சோறு ஊட்டும் வேலை எனக்குத்தான் வந்தது. முதல் கவளத்திலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“சொரசொரன்னு இருக்குது மா, உதட்டைக் கிழிக்குது.”

“ரெண்டு உருட்டுக்கு மேல ஆயிடுச்சு மாமா.”

என்னையே பார்த்தார். புரிந்துவிட்டது. ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்னிடம் பிடுங்கிய அந்தத் துணியைப் பற்றியும் சொல்ல வேண்டுமே! மெல்ல வாயைத் திறந்தார். ஒன்பது வருஷம் ஊட்டினேன்.

அன்று அவர் பையில் மிஞ்சிய குண்டுதான் இது. இப்போது என் விரல்கள் மறுபடி வழவழப்பாகிவிட்டன. கண்தான் மங்கிவிட்டது, இழை தெரிவதில்லை. இன்று பெட்டியைத் திறந்தபோது குண்டு என் கல்யாணப் புடவையில் மாட்டி ஒரு இழையை இழுத்துவிட்டது. “தூக்கிப் போடும்மா அந்தச் சனியனை” என்கிறாள் மகள். இழையை மெதுவாக விடுவித்துவிட்டு, குண்டை இருந்த இடத்திலேயே வைத்து மூடினேன்.