வெள்ளிமலையில் மூன்று வீடுகள் பாக்கி

கல்வராயன் மலைக்கு அருவி பார்க்கப் போகிறவர்களே அதிகம். நான் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளப் போனேன். இடஒதுக்கீடு கேட்டு மறுபடியும் மறியல்கள் தொடங்கியிருந்த வருடங்களில், ஒரு டிசம்பர் மாதம்.

ஓய்வு பெறும்வரை பொருளாதாரம் கற்பித்தவன் நான். வங்கி வட்டி ஏறி இறங்கும்போது வேலையில்லாதவர்களின் எண்ணிக்கை எப்படி மாறுகிறது என்பது என் ஆராய்ச்சி. ஊர்களிலும் நகரங்களிலும் கணக்கு ஓரளவு ஒத்துவந்தது. மலைக் கிராமங்களில் மட்டும் வேலையின்மை ஏறக்குறைய பூஜ்யம். வட்டி என்ன ஆனாலும் அது அசையவில்லை. ஓர் அடிக்குறிப்பில் அதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். எழுதியது தவறோ என்ற உறுத்தல் எழுபத்தோரு வயதில்தான் என்னைக் கிளப்பியது.

தாம்பரத்தில் காலை 5.10க்குப் பேருந்து, கள்ளக்குறிச்சியில் 10.40க்கு இறங்கினேன். மறியலுக்குப் பயந்து மலைப் பேருந்தை நிறுத்தியிருந்தார்கள். பேருந்து நிலையத்துக்கு எதிரில் வாடகைக் கார் வைத்திருக்கும் பஷீர் பாய், மூன்று நாளுக்கு எல்லாம் சேர்த்து 7,500 ரூபாய் கேட்டார். எனக்குப் பேரம் பேச வராது. வண்டி மீட்டர்படி கச்சிராயபாளையம் 16 கிலோமீட்டர், அங்கிருந்து வெள்ளிமலை 27. கரும்பு லாரிகள் வரிசையாக நின்றிருந்ததால் மட்டும் நாற்பது நிமிடம் தாமதம். மலையேறியதும் செல்போன் சிக்னல் போய்விட்டது. தங்கும் அறை ஒரு நாளைக்கு 700 ரூபாய், வெந்நீர் கிடையாது.

இருபது வீடுகள் என்று பட்டியல் போட்டிருந்தேன். கேள்விகள், நான் வாழ்நாள் முழுக்கப் பயன்படுத்தியவைதான். கடந்த ஏழு நாளில் வேலை செய்தீர்களா? இல்லையென்றால், வேலை தேடினீர்களா? இரண்டுக்கும் இல்லை என்பவர் வேலையில்லாதவர் அல்ல, வேலை வேண்டாதவர். விதி அப்படி.

இரண்டாம் நாள் பகல் பதினேழாவது வீடு. சடையன், நாற்பது வயது இருக்கும், மனைவி பழனியம்மா. சாமை அறுப்பு முடிந்து ஒரு மாதமாக இருவருக்கும் வேலை இல்லை. தேடினீர்களா என்று கேட்டேன்.

“தேடறதா? எங்க சார் போய்த் தேடறது? மேஸ்திரி வருவாரு, கூட்டினு போவாரு. குடகுல காப்பி பறிக்க.”

“வரும்வரை?”

“குந்திக்கினு இருக்கறதுதான்.”

போன வருடம் நாற்பது ஜோடி எடுத்த மேஸ்திரி, இந்த வருடம் இருபதுதான் என்று சொல்லிவிட்டாராம். “எஸ்டேட் மொதலாளிக்கு பேங்க்ல வட்டி ஜாஸ்தி ஆயிப்போச்சாம் சார். ஆள கம்மி பண்ணிட்டாரு.”

பேனாவை மூடி வைத்தேன். வட்டி மலையேறியிருந்தது; என் கட்டத்துக்குள்தான் வரவில்லை. அங்கே எல்லோரும் காத்திருந்தார்கள். காத்திருப்பதற்கு என் படிவத்தில் இடமில்லை.

அப்போதுதான் சடையன் விஷயத்தைச் சொன்னார். மறியலால் மேஸ்திரியின் வேன் மேலே வராது. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் இன்று மாலை நிற்கும். புருஷன் பெண்டாட்டி ஜோடியாக வந்தால்தான் எடுப்பார்கள், பிப்ரவரிவரை வேலை. பேருந்தும் இல்லை, ஜீப்பும் இல்லை, நடந்தால் போய்ச் சேர முடியாது.

“ஒங்க வண்டில பின்னால எடம் கீதே சார். எங்கள எறக்கி வுட்டுடறீங்களா?”

கார் வாசலிலேயே நின்றது. பஷீர் பாயைப் பார்த்தேன். “போலாம் சார். அஞ்சு மணிக்கு மறியல் முடிஞ்சிடும். அவங்களும் வூட்டுக்குப் போய் சாப்பிடணும்ல?”

“கண்ணாடியை உடைத்துவிட்டால்?”

“கண்ணாடி என்னுது சார். ஒங்களுக்கு இன்னா?”

எனக்குப் பயம். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. மூன்று வீடுகள் பாக்கி இருக்கின்றன, முடித்துவிட்டுக் காலையில் முதல் வேலையாகப் போகலாம், வேன் நிற்கும் என்றேன். எந்த ஆதாரத்தில் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. பெரியவர் சொல்கிறார் என்று சடையன் தலையாட்டினார். பழனியம்மா மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தவர், கயிற்றை விட்டுவிட்டு உள்ளே போனார்.

மூன்றில் இரண்டு வீடுகள் பூட்டியிருந்தன.

மறுநாள் காலை 6.15க்கு நால்வரும் இறங்கினோம். வழியில் ஒரு கல்கூட இல்லை. 7.50க்கு நிலையத்தில் வேனைக் காணோம். டீக்கடைக்காரர் சொன்னார்: “அது நேத்தே கெளம்பிடுச்சி. எட்டு மணி வரைக்கும் நின்னுக்கினு இருந்தான். ஒரு ஜோடி கொறையுதுன்னு சங்கராபுரத்துல இருந்து வரவழைச்சி ஏத்திக்கினு போனான்.”

சடையன் மூட்டையைத் தரையில் இறக்கி வைத்தார். பழனியம்மாதான் கேட்டார்: “எழுதிக்கினே இருந்தீங்களே, அது முடிஞ்சிதாங்க?”

முடிந்தது என்றேன்.

“அத வெச்சி எங்களுக்கு எதனா வருமா?”

வராது என்றேன். அந்தப் பயணத்தில் நான் தயங்காமல் சொன்ன ஒரே பதில். திரும்பிப் போகும் செலவுக்கு ஐந்நூறு ரூபாய் நீட்டினேன். சடையன் வாங்கிக்கொண்டார். மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, ஊர்ப் பேருந்து எப்போது விடுவார்கள் என்று விசாரிக்கப் போனார்கள்.

சென்னை பேருந்தில் படிவத்தைத் திருத்தினேன். வேலை தேடிக் கள்ளக்குறிச்சிவரை வந்துவிட்டார்கள்; விதிப்படி இப்போது இருவரும் வேலையில்லாதவர்கள். திறந்திருந்த பதினெட்டு வீட்டில் எனக்குக் கிடைத்தவர்கள் அவர்கள் இருவர்தான். அடிக்குறிப்பைத் திரும்பப் பெறுவதாக அந்த ஆய்விதழுக்குக் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். மறியல் காலத்தில் சாலை நிலவரத்தை ஓட்டுநர்களிடம் கேளுங்கள். என்னைப் போன்றவர்களிடம் கேட்காதீர்கள். கச்சிராயபாளையத்திலேயே பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள். டிசம்பரில் கம்பளி அவசியம். வண்டியில் இடமிருந்து யாராவது கேட்டால், எத்தனை மணிக்குள் போய்ச் சேரவேண்டும் என்று விசாரியுங்கள். நானும் விசாரித்தேன். பொழுது சாய்வதற்குள் என்றார்கள். அப்போது மணி ஒன்றரை.