ஜெஸீமா ராத்தாவிடம் நான் கேட்காத பொருத்தம்

லுஹர் தொழுதுவிட்டு முசல்லாவை மடித்துக்கொண்டிருந்தபோது பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. முதலில் இறந்தவருடைய வாப்பாவின் பெயர், பிறகு தெருவின் பெயர், கடைசியில்தான் மௌத்தானவரின் பெயர். ஜெஸீமா. குவைத்தில் வபாத்தாகிவிட்டார், ஜனாஸா அங்கேயே அடக்கப்படும் என்றார்கள். மடித்த முசல்லாவை மறுபடியும் விரித்து அதன்மேல் இருந்துவிட்டேன். அழுகை வரவில்லை. 'இனி யாரிடம் சொல்வேன்' என்பதுதான் முதலில் மனதுக்குள் வந்தது. என்னத்தைச் சொல்ல இருந்தேன் என்பதை, சாய்ந்தமருதில் நம்மோடு ஒன்றாக இருந்து அபாயா தைத்த சகோதரிகளே, உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

நம் எல்லாருக்கும் மூத்த சகோதரியான ராத்தா, முதல்முறை குவைத்துக்குப் போய் ஏழு வருடம் வீட்டு வேலை செய்தவர். திரும்பி வந்தபோது பெட்டியில் சவர்க்காரமும் போர்வையும் எல்லாரையும் போல இருந்தன. கூடவே ஒரு கொப்பி நிறையப் பூக்களும் கொடிகளும் வரைந்து கொண்டுவந்திருந்தார். "அரபிட வீட்டுல நான் அபாயாவ அயன் பண்ணி மினுக்கினன் எண்டுதான் ஆக்கள் நினைக்கிற. மினுக்கிக்கிட்டே கரையில இரிக்கிற பூவப் பாத்துப் பாத்துப் படிச்சன் கா," என்று சிரிப்பார். ஆனால் அரபிகளின் பூவை அவர் நமக்குத் தரவில்லை. கடற்கரை மணலில் படரும் அடம்பன் கொடியைத் தந்தார். கரைவலையின் கண்ணிகளைத் தந்தார். பாஸ்போட்டுக்குப் படம் பிடித்து வைத்திருந்த இரண்டு பேர் நாம் இருந்து தைத்த அவருடைய மண்டபத்துக்கு வந்து ஊசி பிடித்து, பயணத்தையே விட்டுவிட்டார்கள். யார் யாரென்று உங்களுக்குத் தெரியும்.

அவர் வேலை செய்யும் விதத்தையும் மறந்திருக்க மாட்டீர்கள். ஊடு தெரியும் மெல்லிய தாளில் பூவை வரைவார். கோடு நெடுக ஊசியால் குத்திக் குத்தித் துளையிடுவார். தாளைக் கறுப்புத் துணியில் விரித்து, வெள்ளைத் தூளை மண்ணெண்ணெயில் குழைத்துத் துணிப்பொட்டலத்தால் தேய்ப்பார். தாளை எடுத்தால் கறுப்பில் வெள்ளைப் புள்ளிகளாகப் பூ இறங்கியிருக்கும். "பிஸ்மி சொல்லித் தூக்குங்க புள்ள, ஆடினாப் பூவுக்குக் கை முளைக்கும்," என்பார்.

குழுவின் பதிவு என் கையில் இருந்தது. ஊசி, நூல், மணி, கல், உடைந்த கத்தரிக்கோல் வரை எழுதுவேன். தைத்த துணிக்குத்தான் கூலி என்பது நமது முறை. ஒருநாள் ராத்தா என் கொப்பியை எட்டிப் பார்த்து, "தையலுக்கு இரிக்கி. பூவுக்கு ஒண்டும் இல்லியா கா?" என்று கேட்டார். "பூவப் படைச்சவன் அல்லாஹ். அவன்ட்டக் கேளுங்க ராத்தா," என்றேன். எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். மறுகா அவர் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

அந்தச் சிரிப்பின் பலனைத்தான் பிறகு கண்டோம். நம்மிடம் வாங்கும் கொழும்புக் கடைக்காரர் ஒருவர் தொலைபேசியில், பெருநாளைக்கு எந்தப் பூ எடுபடும் என்று பார்க்க வேண்டும், தாள்களை அனுப்புங்கள், பார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறேன் என்றார். ராத்தா அன்று மகளுக்குக் கட்டும் வீட்டு வேலைக்காக மேசன்மாரோடு நின்றார். அவரிடம் கேட்கவில்லை. இருந்த தாள்கள் அத்தனையையும் அடுக்கி, சாமான்களோடு வைத்துக் கட்டிக் கொடுத்தேன். ஊசியைக்கூட எழுதுகிற நான் தாளை எழுதவில்லை. துணிக்கு விலை உண்டு, நூலுக்கு விலை உண்டு, துளைபோட்ட தாளுக்கு என்ன விலை என்று நினைத்தேன். ஒரு கிழமையில் மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தன. பெட்டியில் வைத்துவிட்டேன்.

அந்தப் பெருநாளைக்கு நமக்கு ஓடர் வரவில்லை. கல்முனைக் கடைகளில் மெசினில் தைத்த அபாயாக்கள் தொங்கின. அவற்றில் அடம்பன் கொடி இருந்ததைப் பொறுக்கலாம், நாம் தைத்து விற்றதைப் பார்த்து யாரும் போட்டிருக்கலாம். சம்மாந்துறை வயலைப் பார்த்து ராத்தா வரைந்த நெற்கதிரும் இருந்தது. அதை நாம் இன்னும் ஒரு துணியிலும் தைத்திருக்கவில்லை. தாளைக் கண்டவர்தான் அதைப் போட்டிருக்க முடியும்.

அப்போதுதான் நம்மோடு இருந்து தைத்த பஸ்லியாவின் பெயர் அடிபட்டது. அவள் இரண்டு மாதம் முன்னம் கொழும்புப் பக்கத்தில் கார்மென்ட் வேலைக்குப் போயிருந்தாள். "போகக்குள்ள தாளப் பாத்து வரைஞ்சு கொண்டு போயிருப்பாள்," என்றார் ஒருவர். "அவட பேக்க ஆரு பாத்த?" என்றார் இன்னொருவர். ராத்தா மட்டும், "கண்டவங்க ஆரும் இரிக்கீங்களா? இல்லாட்டி வாயப் பொத்துங்க. புறம் பேசிப் புள்ளட இறச்சியத் திண்டுட்டு மறுமையில என்னத்தச் சொல்ற?" என்று அதட்டினார். நான் அங்கே இருந்தேன். மணிகளை நிறம் பிரித்துக்கொண்டிருந்தேன். தலை நிமிரவில்லை.

ஓடர் இல்லாமல் மண்டபம் பூட்டப்பட்டது. மகளின் வீடு கூரை மட்டத்தில் நின்றது. வீடில்லாமல் நம் ஊரில் பெண்ணுக்கு எப்படிக் கலியாணம் பேசுவது? ராத்தா மறுபடியும் குவைத்துக்கு விமானம் ஏறினார். அந்த வயதில், முழங்கால் வலியோடு.

பயணம் போகிறவர் வீடு வீடாகப் போய்ப் பொருத்தம் கேட்பது நம் வழக்கம். தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளைப் பொருந்திக்கொள்ளுங்கள் என்று கேட்டால், மனிதனுக்கு மனிதன் உள்ள கடன் தீரும். ராத்தா என் குசினிக்குள்ளேயே வந்து என் கையைப் பிடித்தார். "உங்களோட கனக்கக் கதைச்சிருப்பன், கோவிச்சிருப்பன். பொருந்திக்கங்க கா."

"பொருந்திட்டன் ராத்தா. நீங்களும் என்னப் பொருந்திக்கங்க," என்றேன்.

"பொதுவாப் பொருந்திட்டன். உள்ளால ஏதும் இரிக்கா?"

உலையில் அரிசி பொங்கியது. "இல்ல ராத்தா," என்றேன்.

ஒரு தடவையல்ல, அவர் போன பிறகும் பலமுறை சொல்ல நினைத்தேன். வட்ஸ்அப்பில் குரல் அனுப்பத் தொடங்கி அழிப்பேன். வரும்போது முகத்தைப் பார்த்துச் சொல்லலாம் என்று வைத்தேன். கடைசியில், உடல் முன்னால் இல்லாமல் தொழும் காயிப் ஜனாஸாத் தொழுகைதான் நடந்தது.

மூன்றாம் நாள் பஸ்லியாவைத் தேடிப் பிடித்துத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். மெசின்கள் ஓடும் சத்தம் கேட்டது.

"நீங்க அண்டைக்கு அங்க இருந்தீங்களா மாமி?"

"ஓம்."

"எனக்குச் சொன்னாக் காணாது. அண்டைக்கு இருந்த எல்லாருக்கும் சொல்லுங்க. மறுகா பொருந்திறதப் பத்திக் கதைப்பம்."

சொல்லிவிட்டேன், சகோதரிகளே. தாள்களைப் பஸ்லியா எடுக்கவில்லை. கொடுத்தது நான்.

ராத்தாவின் கப்றை அல்லாஹ் விசாலமாக்கட்டும். எனக்கு ஒரு பிழையும் செய்யாத அவர்தான் என் கையைப் பிடித்துப் பொருத்தம் கேட்டார். அதை நான் கொடுத்துவிட்டேன். நான் அவரிடம் பிழையைச் சொல்லிக் கேட்க வேண்டியது இன்னும் என் நாவிலேயே இருக்கிறது.