கூப்பிட்டால் வராதவள்

சீதைக்குக் கோபம் வந்தால் அழமாட்டாள், எதிர்த்துப் பேசமாட்டாள். எங்கேயாவது புகுந்து உட்கார்ந்துகொள்வாள். அப்புறம் ஊரே கூடி நின்று கூப்பிட்டாலும் ஏன் என்று கேட்கமாட்டாள். அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டே அவள் அக்காள் பொன்னுத்தாயிக்குத் தொண்டை கட்டிப்போகும். தங்கச்சி என்றால் பொன்னுத்தாயிக்கு உயிர். ஆனால் அந்தப் பிடிவாதத்தைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும்.

ஆத்தங்குடிப் பக்கம் அவர்கள் அப்பா கருத்தையாவுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. அறுபத்திரண்டாம் வருசம், அறுப்பு முடிந்து நெல்லைக் குலுக்கையில் கொட்டும் நாள். ஆளை விட உயரமான மண் குலுக்கை, உச்சியில் வாய். காலையில் கருத்தையா எதற்கோ சின்னவளை அதட்டியிருந்தார். உச்சிப்பொழுது வரை அவளைக் காணோம். "பசிச்சா வருவா" என்று சொல்லிவிட்டு அவர் ஏணியில் ஏறிக் கொட்ட ஆரம்பித்தார். கூடை கூடையாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. திடீரென்று நெல்லுக்குள்ளிருந்து ஒரு தும்மல் கேட்டது.

கழுத்து வரை நெல் ஏறியிருந்தது. இழுத்து வெளியே போட்டபோது அவள் காதிலும் மூக்கிலும் தூசி அடைத்திருந்தது. கருத்தையா கூடையைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தலையில நெல்லு விழுகுதே, வாயத் தொறந்தா என்னடி?" என்று பொன்னுத்தாயி அவளைப் பிடித்து உலுக்கினாள்.

"நான் ஏன் சொல்லணும்? அவுகளா வந்து பாக்கட்டும்" என்றது அந்த ஏழு வயசு.

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். "தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்று யாரோ சொல்லிவைக்க, அம்மாக்காரி "வாயக் கழுவு" என்று சண்டைக்கே போய்விட்டாள். பொன்னுத்தாயிக்குச் சிரிப்பும் வரவில்லை, சண்டையும் வரவில்லை. தும்மியிராவிட்டால் என்ற நினைப்பு மட்டும் அவளுக்குள் தங்கிவிட்டது.

கல்யாணமானால் சரியாகிவிடும் என்றார்கள். நம்மவர்கள் எந்த வியாதிக்கும் எழுதித் தருகிற மருந்து அது ஒன்றுதானே! புதுவயல் அரிசி ஆலையில் மூட்டை தூக்கும் மருதுவுக்குச் சீதையைக் கொடுத்தார்கள். தங்கமான பையன், குரல்தான் பெரிசு. மெஷின் இரைச்சலில் பேசிப் பழகியவன், வீட்டிலும் கத்தித்தான் பேசுவான். முதல் வருசமே ஒருநாள் அவளைக் காணாமல் கிணற்றுக்குள் ஆளை இறக்கித் தேடினான். அவளோ பரணில் உட்கார்ந்து, அவர்கள் தேடுவதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைக் கேள்விப்பட்ட அன்று பொன்னுத்தாயிக்குச் சோறு இறங்கவில்லை.

எழுபத்தாறு வைகாசியில், பொன்னுத்தாயி வாழ்க்கைப்பட்ட ஊரில் ஒரு செட்டியார் வீட்டுக் கல்யாணம் வந்தது. இந்தத் தெருவில் வாசல், அடுத்த தெருவில் கொல்லை என்று நீண்ட வீடு. வீட்டுக்காரர்கள் இருப்பது மெட்ராஸில். விசேஷத்துக்கு வருவார்கள், முடிந்ததும் பூட்டிக்கொண்டு போவார்கள், அடுத்த விசேஷம் வரை உள்ளே புறாக்கள்தான் குடித்தனம் நடத்தும். அங்கே வேலைக்கு ஆள் போதாமல் பொன்னுத்தாயி தங்கச்சியை அழைத்து வந்திருந்தாள்.

எல்லாம் முடிந்து பாத்திரங்களைச் சாமான் அறைக்குத் திரும்ப ஏற்றிக்கொண்டிருந்த மத்தியானம், சீதை கையிலிருந்த பெரிய ஊறுகாய் ஜாடி நழுவி விழுந்து உடைந்தது.

"பர்மாவுல இருந்து வந்த ஜாடிடி! கையா அது, காலா?" என்று வீட்டுக்கார நாச்சியம்மை ஆச்சி கத்தினார். கல்யாண அலுப்பு வேறு அவருக்கு. வேலைக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆச்சியைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு பொன்னுத்தாயி, "அவ சின்னதுலயிருந்தே அப்புடித்தான் ஆச்சி, வெளங்காத கழுதை" என்றாள்.

சீதை அக்காளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவளைக் காணோம்.

பொன்னுத்தாயி இரண்டு தரம் கூப்பிட்டாள். பதில் இல்லை. ஆச்சி வீட்டார் காரைக்குடியில் மெட்ராஸ் ரயிலைப் பிடிக்க வேண்டும், வாசலில் கார்கள் நிற்கின்றன. கோவித்துக்கொண்டு புதுவயல் பஸ் ஏறியிருப்பாள், போனால் போகிறாள் என்று இவளும் வீம்பாக இருந்துவிட்டாள்.

"உள்ளுக்கு யாரும் இல்லையேடி?" என்று ஆச்சி முகப்பிலிருந்து கேட்டார்.

"எல்லாரும் போயாச்சு ஆச்சி, பூட்டச் சொல்லுங்க" என்று பொன்னுத்தாயி சாமான் அறை வாசலிலிருந்தே குரல் கொடுத்தாள்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் தங்கச்சாமி, சாமான் அறையில் தொடங்கி ஒவ்வொரு கதவாகப் பூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் மருது வந்து நின்றான். "என்ன மதினி, கல்யாணம் முடிஞ்சும் அவள அனுப்பாம வச்சிருக்கீக?"

பொன்னுத்தாயி கையிலிருந்த முறம் கீழே விழுந்தது. "அவ அங்குட்டு வரலையா?"

அவன் பதிலுக்குக் காத்திராமல் செட்டியார் வீட்டுக்கு ஓடினாள். சீதை உள்ளேதான் இருப்பாள் என்றதைத் தங்கச்சாமி நம்பவில்லை. ஆச்சியைக் கேட்காமல் திறக்கத் தயங்கினார். "நேத்துக்கூட வாசலக் கூட்டுனேன் தாயி. உள்ள ஆளு இருந்தா ஒரு சத்தம் கேக்காதா?"

"அதுதாண்ணே எனக்குப் பயமா இருக்கு. உசுரோட இருந்தாலும் அவ சத்தம் போடமாட்டா."

கதவுகள் திறந்தன. மருது பெயரைச் சொல்லி அலறிக்கொண்டே முன்னால் போனான். புறாக்கள் படபடத்தன, வேறு அசைவே இல்லை. கடைசியாகச் சாமான் அறைக் கதவைத் திறந்ததும் உள்ளே அடைந்து கிடந்த வெக்கை முகத்தில் அடித்தது. பெரிய அண்டாவுக்குப் பின்னால், சுவரில் சாய்ந்து சீதை இருந்தாள். உதடு வெடித்திருந்தது. கண் திறந்திருந்தது, இமைத்தது. கை முட்டிகள் வீங்கியிருந்தன. கேட்க யாருமில்லாத நேரத்தில் அவள் கதவைத் தட்டியிருக்கிறாள்.

தண்ணீர் உள்ளே போனதும் பொன்னுத்தாயி அழுதுகொண்டே கேட்டாள். "பூட்டயில வாயத் தொறந்தா என்னடி?"

"ஒங் கொரலு கேட்டுச்சுக்கா. எல்லாரும் போயாச்சுன்னு சொன்ன." மூச்சு வாங்கினாள். "நீயா வந்து பாப்பன்னு இருந்தேன்."

பொன்னுத்தாயி அவளுடைய வீங்கிய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

கைத்தாங்கலாக வீட்டுக்குக் கொண்டுவந்து கஞ்சி கொடுத்தார்கள். சாயங்காலம் அவள் எழுந்து நடமாடினாள். அதுவரை ஒடுங்கியிருந்த மருதுவுக்கு, பயம் தெளிந்ததும் கோபம் வந்தது. "நீயெல்லாம் மனுசியாடி? நான் இன்னும் ஒரு நாள் கழிச்சு வந்திருந்தா?" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினான்.

சீதை வாயைத் திறக்கவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டாள். குலுக்கையிலிருந்து இழுத்துப் போட்ட அன்று பார்த்த அதே முகம். மெல்லத் திரும்பிக் கொல்லைப்பக்கம் நடந்தாள்.

பொன்னுத்தாயி அவளைக் கூப்பிடவில்லை. குறுக்கே ஓடி, அவளுக்கு முன்னால் போய், அவள் எங்கே புகுந்தாலும் கண்ணில் படும்படி கிணற்றடியில் உட்கார்ந்துகொண்டாள். அன்று அந்த வீட்டில் உலை வைக்கவில்லை.