அம்மாவின் ஃபோனில் அறுபத்தொன்று

என் சர்க்கரை அளவை இன்னொருவரும் பார்க்கலாம் என்றது செயலி. கையின் மேல்பகுதியில் ஒட்டியிருக்கும் சென்சார் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளந்து என் ஃபோனுக்கு அனுப்பும். அளவு அதிகமாக ஏறினாலும் இறங்கினாலும் ஃபோன் அலறும். அதே அலறலை வேறொருவர் ஃபோனிலும் கேட்கச் செய்யலாம். யார் என்று கேட்டு ஒரு கட்டம் காலியாக நின்றது.

நோட்டில் பட்டியல் போட்டேன். முன்பு என் அறையில் இருந்த தோழி: கல்யாணமாகிப் பெருந்துறை போய்விட்டாள், கைக்குழந்தை வேறு. அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர்: நான் இன்சுலின் போடுவதே அவருக்குத் தெரியாது. மூன்று என்று எழுதிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நான் தங்கியிருக்கும் பீளமேட்டில் எனக்கு வேறு ஆள் இல்லை. தாராபுரத்தில் இருக்கும் அம்மாவை எழுதினேன்.

அடுத்த ஞாயிறு ஊருக்குப் போய் அம்மாவின் ஃபோனில் செயலியை ஏற்றினேன். செய்ய வேண்டியதைத் தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். ஒன்று, சத்தம் வந்தால் எண்ணைப் பார்க்கவும். இரண்டு, எண் சரியில்லை என்றால் என்னைக் கூப்பிடவும். மூன்று, எடுக்காவிட்டால் மறுபடி கூப்பிடவும்.

“பரீட்சைக்குப் படிக்கற மாதிரியல்லோ இருக்குது அம்மணி” என்று அம்மா சிரித்தார்.

ஒரு சனிக்கிழமை காலை மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தபோது ஃபோன் அலறியது. அறுபத்தொன்று, அம்புக்குறி கீழ்நோக்கி. உடம்பெல்லாம் வியர்த்தது. அறைக்குள் வந்து தண்ணீரில் சர்க்கரையைக் கரைத்துக் குடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். தாராபுரத்திலும் இந்நேரம் அடித்திருக்கும். அம்மா கூப்பிடுவார் என்று ஃபோனை மடியிலேயே வைத்திருந்தேன். ஐம்பத்தெட்டு. கீழ் வீட்டில் மிக்சி ஓடி நின்றது. அறுபத்துநான்கு. பிறகு எழுபத்தொன்பது. யாரும் கூப்பிடவில்லை. வியர்வை காய்ந்ததும் எழுந்து, பாதியில் விட்ட துணிகளைக் காயப் போட்டேன்.

முக்கால் மணி நேரம் கழித்து அம்மா கூப்பிட்டார்.

“கண்ணு, அறுபத்தொண்ணு! உங்கப்பாவும் இத்தன வருசமா களியாத் திங்கறாரு, எரநூறுக்குக் கீழ எறங்குனதில்ல. நீ எப்படிக் கண்ணு எறக்குன?”

“அந்த வைத்தியத்த எனக்கும் கேட்டுச் சொல்லு” என்று பின்னாலிருந்து அப்பா குரல் வந்தது.

எங்கள் வீட்டில் சர்க்கரை என்றால் ஏறும்; குறைந்தால் நல்ல சேதி. ‘சரியில்லை’ என்பதற்கு நான் எண்ணே எழுதவில்லை. அலுவலகத்தில் நான் சரிபார்க்கும் குறிப்புகளில் வேறொருவர் இப்படி ஒரு வரி எழுதியிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். மறதி மட்டும் இல்லை. ஊசி போடத் தொடங்கிய மூன்று வருடமாக, இறங்கினால் எனக்கு என்ன ஆகும் என்பதை வீட்டில் சொல்லாமலே இருந்தேன். பயப்படுவார்கள்.

“அம்மா, எனக்கு எறங்குனாத்தான் ஆபத்து. எழுபதுக்குக் கீழ போனா மயக்கம் வந்தாலும் வந்துரும். அப்பத்தான் நீங்க கூப்பிடோணும்.”

அம்மா கேட்டார்.

“அப்ப இத்தன நேரம் என்ன பண்ணீட்டிருந்த?”

“சக்கரத் தண்ணி குடிச்சுப்போட்டு உக்காந்திருந்தேன்.”

“தனியாவா?”

“ஆமாம்மா.”

“நான் கூப்பிட்டு நீ எடுக்கலீன்னா? கீழ் ஊட்டுக்காரங்க நம்பரு குடு.”

என்னிடம் அது இல்லை. அந்த மாடியில் குடியேறி இரண்டு வருடம் ஆகியிருந்தது.

படியிறங்கிப் போய்க் கதவைத் தட்டினேன். கீழ் வீட்டு அம்மா ஈரக்கையோடு வந்தார்.

“ஏனுங்க, தண்ணி வரலீங்களா?”

அதற்காகத் தவிர நான் அந்தக் கதவைத் தட்டியதில்லை.

“தண்ணி வருதுங்க. உங்க ஃபோன் நம்பர் வேணுங்க. எங்கம்மாவுக்குக் குடுக்கோணும்.”

அவர் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். நான் பதிந்து முடிக்கும்வரை காத்திருந்து, “எதுக்குங்க?” என்று கேட்டார். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. சென்சார் தெரியும்படி சுடிதார் கையை மேலே சுருட்டினேன்.