அக்கா பாதியில் உட்கார்ந்துவிட்டாள்

சுற்றுச்சூழல் அலுவலகத்தில் அவருக்குக் கல்லுளிமங்கன் என்று பெயர். எந்தக் கம்பெனியாவது வளாகத்தை விரிவாக்கக் கிளம்பினால், அனுமதி கொடுப்பதற்கு முன் அக்கம்பக்கத்து ஜனங்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் மேடையோரம் உட்கார்ந்து, பேச வந்தவர்களை ஒவ்வொருத்தராகக் கூப்பிடுவதும், நேரம் பார்த்து மணி அடிப்பதும் இவர் வேலை. கிணறு வற்றிப்போச்சு என்று ஒருத்தர் அழுவார். தூசியில் பிள்ளை இருமுது என்று ஒருத்தி கத்துவாள். ஆரம்பத்தில் இவருக்கும் சோறு இறங்காமல்தான் இருந்தது. அப்புறம் மரத்துப்போய்விட்டது. எத்தனை பேர் அழுவதைத்தான் ஒரு மனுஷன் கேட்பான்?

இந்தத் தடவை விஸ்தரிப்பு அவருடைய அக்கா வீட்டுக்குப் பின்னாலேயே வந்தது. கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் புதிதாக இரண்டு கட்டடம். கரண்ட் போனால் ஓட்ட ஒரு வரிசை ஜெனரேட்டர். அந்த வரிசையை எங்கே வைத்திருந்தார்கள் தெரியுமா? அக்கா வீட்டுப் படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம். அறைக்குள்ளே அத்தான், மூச்சு வாங்கிக்கொண்டு, படுத்த படுக்கை. இருக்கிறதே அந்த அறையும் ஒடுங்கிய முன்கூடமும்தான்.

“நீயே உங்க ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடா?” என்றாள் அக்கா.

“நான் வாயைத் திறந்தா சொந்தக்காரங்களுக்குப் பரிஞ்சு பேசறேன்பாங்க. வேலைக்கே உலை வெச்சிடுவாங்கக்கா. நீ வந்து பேசு. மைக்ல சொன்னாத்தான் அவங்க பதில் சொல்லியாகணும். எடுத்த எடுப்புல ஜெனரேட்டரைச் சொல்லிடு. எதிர்ப்பக்கம் கார் நிறுத்துற இடம் இருக்கு, அங்க மாத்துங்கன்னு கேளு.”

எல்லாம் சொன்னவர் ஒன்றைச் சொல்லவில்லை. மணி இரண்டு தடவை அடிக்கும். முதல் மணி சும்மா எச்சரிக்கை. ரெண்டாவதுக்குத்தான் மைக்கை அணைப்பார்கள். வழக்கமாக வருகிற ஆட்கள் முதல் மணியைக் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்கள். அது அக்காவுக்குத் தெரியாது என்பது இவருக்குத் தோன்றவே இல்லை.

அக்கா கஞ்சி மொடமொடப்போடு புடவை கட்டிக்கொண்டு வந்தாள். மைக்கைப் பிடித்ததும் வந்ததே மரியாதை! மேடையில் இருந்த அத்தனை அதிகாரிக்கும் தனித்தனியாக வணக்கம். கல்யாணமாகி அந்தத் தெருவுக்கு வந்த கதை. கம்பெனி வந்தபிறகு தெருவிளக்கு வந்ததற்கு நன்றி வேறு. ஐயோ, விஷயத்துக்கு வாயேன் என்று யாருக்கும் தவித்திருக்கும். இவருக்குத் தவிப்பு ஒன்றும் வரவில்லை. கண் கடிகாரத்தில் இருந்தது. கை தானாகப் போய் முதல் மணியை அடித்தது.

“எங்க வீட்டுக்காரருக்கு...” என்று ஆரம்பித்த அக்கா நிறுத்தினாள். தம்பியை ஒரு பார்வை பார்த்தாள். மைக்கை வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

‘இன்னும் நேரம் இருக்கு, பேசுங்க’ என்று சொல்லியிருக்கலாம். எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஜெனரேட்டரைப் பற்றி யாருமே பேசவில்லை. பேசாததற்கு யார் பதில் சொல்வார்கள்? அனுமதி வந்தது, கட்டடம் எழும்பியது, ஜெனரேட்டரும் சொன்ன இடத்திலேயே உட்கார்ந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனார். அத்தானின் கட்டிலை முன்கூடத்துக்கு மாற்றியிருந்தார்கள். செருப்பு விடவும் இடமில்லை. கரண்ட் போனது. சுவருக்குப் பின்னால் எல்லாம் ஒன்றாக உறும ஆரம்பித்தன. அத்தான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு மூச்சுக்குத் திணறினார். அக்கா அவர் நெஞ்சை நீவிக்கொண்டே இருந்தாள். இவர் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே ஏதாவது அசையும் என்று நினைத்தார். ஒன்றும் அசையவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

சத்தம் அடங்கியதும் அக்கா தட்டில் சோறு போட்டாள்.

“அன்னிக்கு நீ மணி அடிச்சப்பவே எனக்குப் புரிஞ்சுடுச்சுடா,” என்றாள். “இதுக்கு மேல நான் பேசினா உன் வேலைக்கு ஆபத்து. அதைத்தானே ஜாடையா சொன்னே? அதான் உடனே உக்காந்துட்டேன். உனக்கு ஒண்ணும் பிரச்சினை வரலையே?”

“இல்லக்கா,” என்றார் அவர்.

“அது போதும். சாப்பிடு.”

அவர் சாப்பிட்டார்.