கொட்டைக்கு அளவெடுத்த கத்தி

அன்று கொட்டகையில் இருந்தவர்களைச் சொல்கிறேன். முதலில் நான். பக்கத்து மிஷினில் என் வீட்டுக்காரரின் தங்கை. வாசல் ஓரம் பிளாஸ்டிக் சேரில் முதலாளி. தூணில் சாய்ந்தபடி சிதம்பரத்துப் பட்டறைக்காரர், கல்யாண வேட்டியோடு. வேறு யாரும் இல்லை.

என் முன்னால் முறத்தில் நூறு முந்திரிக்கொட்டை, அவித்து ஆறவைத்தது. நூறில் எண்பது பருப்பு முழுசாக வர வேண்டும். வந்தால் வேலை எனக்கு. வராவிட்டால் என் மிஷினில் வேறு ஆள் உட்காரும்.

இது 2006இல் நடந்தது. அதற்கு முன் பதினோரு வருஷம் நான் அந்த மிஷினில்தான் கொட்டை உடைத்தேன். மேஜை மேல் எதிரெதிராக இரண்டு கத்தி இருக்கும், கொட்டையின் வளைவுக்கு வளைந்து. காலால் மிதித்தால் இரண்டும் நெருங்கும், ஓடு மட்டும் அறுபடும். கைப்பிடியைத் திருகினால் ஓடு பிளந்து பருப்பு வரும். பருப்பில் கத்தி படக் கூடாது. உடைந்த பருப்புக்குப் பாதி விலைதான்.

ஒரு நாள் இடது கத்தி முறிந்தது. அந்த மிஷின் விற்ற கம்பெனி மூடிப்போய்விட்டது. முதலாளி முறிந்த கத்தியையும் ஜோடிக் கத்தியையும் என் கையில் கொடுத்தார்.

"நீதான ஓட்டுற. நீயே போயி செஞ்சாந்துடு."

கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், ஒரு லேத்துப் பட்டறை. மீன்பிடி போட்டு மிஷினுக்குச் சாமான் கடைகிற ஆள். கத்தியைப் புரட்டிப் பார்த்தார்.

"எவர்சில்வர்ல போட்டுடலாங்க்கா. இந்த உப்புக் காத்துல இரும்பு நிக்காது. நான் யாருக்கும் இரும்பு போடறதில்ல."

எனக்கு என்ன தெரியும். சரி என்றேன். முறிந்த துண்டுகளை ஒட்ட வைத்து, அதைப் பார்த்து அப்படியே ஒரு ஜோடி செய்து கொடுத்தார். மயிரிழை வித்தியாசம் இல்லை. பளபளவென்று இருந்தது.

மிஷினில் மாட்டி மிதித்தேன். ஓடு பாதிதான் அறுந்தது. திருகினால் ஓட்டோடு சேர்ந்து பருப்பும் பிட்டுக்கொண்டது. எட்டு நாளில் முனையும் மழுங்கியது.

"அண்ணி, இது கத்தியா கரண்டியா? சாம்பார் ஊத்திக்கலாம் போலக்குது," என்றாள் நாத்தனார்.

நான் சிரிக்கவில்லை. அன்று எண்ணிப் பார்த்தோம். நூறில் ஐம்பத்து நாலு.

திரும்ப ஓ.டி. போனேன். அவர் கோபப்படவில்லை, ஒன்றையும் மறைக்கவும் இல்லை.

"எனக்குத் தெரிஞ்சது இவ்ளோதாங்க்கா. சிதம்பரத்துல ஒருத்தரு இருக்காரு. கரும்பு ஜூஸ் மிஷினு, காலேஜு பசங்க கேக்குற சாமானு எல்லாம் செய்வாரு. அவரப் பாருங்க."

பஸ் ஏறிப் போனேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம்தான். பட்டறைக்காரருக்கு என் வயசு இருக்கும். பழைய கத்தியை நீட்டினேன். அவர் வாங்கவே இல்லை.

"இது எத்தினி வருஷம் ஓடுச்சு?"

"பதினோரு வருஷம்."

"தேஞ்ச செருப்ப அளவு குடுத்தா தேஞ்ச செருப்புதாங்க்கா வரும். கால எடுத்துக்கிட்டு வாங்க. கொட்டை எங்க?"

கொட்டை கொண்டு போகவில்லை. மறுநாள் ஒரு பை நிறையக் கொண்டு போனேன். சின்னது, நடுத்தரம், பெரியது என்று பிரித்து வைத்தார். ஓட்டின் கனத்தை அளந்தார். பருப்புக்கும் ஓட்டுக்கும் நடுவில் உள்ள இடத்தை அளந்தார். சாக்பீஸால் தரையில் ஒரு வளைவு போட்டார்.

பிறகு மூன்று துண்டு எடுத்து வைத்தார். ஒன்று சாதா இரும்புத் தகடு. ஒன்று பழைய ரம்பத் துண்டு. ஒன்று லாரிக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங் பட்டை.

"தகடு மழுங்கிடும். ரம்பம் வெடுக்குனு ஒடைஞ்சிடும். பட்டை ரெண்டுக்கும் நடுவுல. ஆனா துரு புடிக்கும்."

"ஓட்டுலேந்து கசியுற கொட்டை எண்ணெய் எப்பவும் கத்தி மேலயே இருக்குது. துரு எங்கேந்து வரும்?" என்றேன்.

என்னைப் பார்த்தார். "இது எனக்குத் தோணல," என்றார்.

பட்டைதான் என்று முடிவாயிற்று. வெட்டி, வளைத்து, பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினார். நான் பக்கத்தில் நின்றேன். சாணை பிடித்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

அது நல்ல கத்தி. மாட்டியதும் தெரிந்தது. ஆனால் பருப்பு வெட்டுப்பட்டே வந்தது. முன்பு ஓடு அறவில்லை. இப்போது ஓட்டையும் தாண்டிப் போனது. நூறில் ஐம்பத்தெட்டு.

முதலாளி வந்து பார்த்தார். வெட்டுப்பட்ட பருப்பை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"ரெண்டு கத்தி மாத்தியாச்சும்மா. இனிமே கத்தி மேல பழி போடாத. உன் கை போயிடுச்சு. வெள்ளிக்கெழம வரிக்கும் பாக்குறேன். எம்பது வரணும்."

ரோட்டுக் கடையில் காயின் போனில் சிதம்பரத்துப் பட்டறைக்குப் பேசினேன். விஷயத்தைச் சொன்னேன்.

"வெள்ளிக்கெழம திருவந்திபுரத்துல ஒரு கல்யாணம். முடிச்சிட்டு அப்புடியே வந்துடறேன்," என்றார்.

சொன்னபடி வந்தார். கையில் தாம்பூலப் பை. முதலாளி அவரைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னா சார், கத்திக்கு வைத்தியம் பாக்க வந்தீங்களா?"

"கத்திக்கு ஒண்ணும் இல்ல மொதலாளி."

என்னைப் பத்துக் கொட்டை வெட்டச் சொன்னார். வெட்டினேன். அவர் கத்தியைப் பார்க்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டி, குனிந்து என் காலைப் பார்த்தார். பத்தில் நாலு வெட்டுப்பட்டது.

"அக்கா, இந்தக் காலு தேஞ்ச கத்திக்குப் பழகினது. வருஷா வருஷம் கத்தி தேயத் தேய நீங்க ஜாஸ்தி மிதிச்சிருக்கீங்க. இப்ப கத்தி புதுசு, காலு பழசு. செருப்பக் கழட்டுங்க."

"கொட்டை எண்ணெய் சொட்டும். கொப்புளம் வரும்."

"இன்னிக்கி மட்டும்."

கழட்டினேன். கொட்டை வைக்காமல் வெறும் கத்தியை மிதிக்கச் சொன்னார். மிதித்தேன். கத்தி எந்த இடத்தில் நிற்கிறது என்று பாதத்தில் தெரிந்தது. செருப்போடு இருந்தபோது அது தெரியாது. அரை மணி நேரம் அதையே செய்தேன். முதலாளி இரண்டு தடவை மணி பார்த்தார்.

"அண்ணி தையல் கத்துக்குது," என்றாள் நாத்தனார்.

முறத்தை இழுத்து வைத்துக்கொண்டேன். நூறையும் வெட்டினேன். அவசரப்படவில்லை. நடுவில் பெருவிரலில் எண்ணெய் சொட்டியது. எரிந்தது. துடைக்க நிறுத்தினால் கால் மறந்துவிடும். நிறுத்தவில்லை.

முழுசு ஒரு தட்டு, உடைசல் ஒரு தட்டு. நாத்தனார் முழுசை எண்ணினாள். எண்ணிவிட்டு வாய்விட்டுச் சொல்லாமல் முதலாளியைப் பார்த்தாள். அவர் எழுந்து வந்தார்.

"நீ அவ வீட்டு ஆளு. தட்ட இப்புடி குடு."

மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணினார். சந்தேகப்பட்டதைத் திருப்பிப் பார்த்தார். ஒன்றைத் தள்ளினார், திரும்ப எடுத்துச் சேர்த்தார். பட்டறைக்காரர் வாசலில் நின்று பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் செருப்பை மாட்டவில்லை.

முதலாளி கடைசிப் பருப்பைத் தட்டில் வைத்தார்.

எண்பத்தொன்று.