வாளியோடு நின்ற ஆள்

பழைய சினிமா போஸ்டர் விற்கிற தொழிலில் போஸ்டரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றிப் பேசித் தொலைக்க வேண்டும். கடை வைத்திருக்கிற அக்கா தங்கச்சிமார்களுக்கும் அண்ணன் தம்பிமார்களுக்கும் இது புதிதாக இருக்காது. உங்களிடம் மழை எப்போது விடும் என்று கேட்பார்கள். என்னிடம் அந்தக் கதாநாயகிக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்பார்கள்.

என் கடை, தமிழும் மலையாளமும் கலந்து கேட்கிற ஆரியசாலையில், மிளகாய் மொத்தக் கடைக்கும் கயிற்றுக் கடைக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு ஆள் உள்ளே வந்தால் இன்னொரு ஆள் வெளியே நிற்க வேண்டும். பதினாறு வயதில் ஆக்ரி என்கிற பழைய சாமான் கடைக்குக் காகிதம் பிரிக்கிற வேலைக்கு வந்தவள் நான். எடைக்கு வந்த கட்டுகளில் சினிமா காகிதத்தை மட்டும் தனியே எடுத்து வைத்ததுதான் என் முதலீடு. இப்போது மூன்று சரக்கு உண்டு. சுவருக்குப் போகாமல் மிச்சமான போஸ்டர்கள், தியேட்டர் வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் குத்தி வைக்கிற ஸ்டில்கள், பிறகு தியேட்டர் முகப்புப் படங்கள். புதுப்படம் வந்த அன்று வாசலில் வளைவும் தோரணமும் கட்டி, ‘இவ்வளவு செய்திருக்கிறோம்’ என்று விநியோகஸ்தருக்குக் காட்ட ஸ்டூடியோக்காரரை அழைத்து எடுப்பார்களே, அந்தப் பெரிய கறுப்பு வெள்ளைப் படங்கள்.

பேரம் பேச யாரும் சொல்லித்தரவில்லை. ஏமாந்து ஏமாந்து வந்தது. கூடவே கோபமும் வந்துவிட்டது. கடையில் விலை குறைக்காமல் நான் தருகிற ஒரே சரக்கு அதுதான்.

இன்றே கடைசி

கல்யாணப் பரிசாகக் கொடுக்க ஒரு போஸ்டர் வேண்டும் என்று தாயும் மகளும் வந்தார்கள். காதல் படமாக இருக்க வேண்டும், ஆனால் ரொம்பக் காதலாக இருக்கக் கூடாது. அழுகிற மாதிரி இருக்கக் கூடாது. மாப்பிள்ளைக்கு மீசை இருப்பதால் கதாநாயகனுக்கும் மீசை வேண்டும். மின்விசிறி இல்லாத கடையில் ஒன்றரை மணி நேரம் கட்டுக் கட்டாக விரித்துக் காட்டினேன். கடைசியில் மரத்தடியில் கைகோத்து நிற்கிற ஒரு ஜோடி பிடித்துப்போனது. விலையும் படிந்தது. நான் சுருட்ட ஆரம்பிக்கும்போதுதான் தாய் குனிந்து அடியில் ஒட்டியிருந்த துண்டுச் சீட்டைப் பார்த்தார்.

படத்தைத் தூக்கப்போகிற நாளில் தியேட்டர்காரர்கள் ஒட்டுகிற சீட்டு அது: ‘இன்றே கடைசி’. அந்தச் சீட்டு இருந்தால்தான் அது தியேட்டரில் இருந்து வந்த அசல் சரக்கு, அதைக் கிழித்தால் போஸ்டரும் கூடவே வரும் என்று நான் தொண்டை கட்ட விளக்கினேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “நீங்க சொல்லது எல்லாம் செரிதான். ஆனா பொண்ணும் மாப்பிள்ளையும் படுக்குற ரூம்ல ‘இன்றே கடைசி’ன்னு மாட்ட முடியுமா, நீங்களே சொல்லுங்க.”

அப்பாக்க படம்

செல்லப்பன் அண்ணாச்சி கரமனையில் இருக்கிறார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபது தாண்டிய, சத்தமே வராத மனிதர். முதல் நாள் கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, “எனக்க அப்பாக்க படம் ஒண்ணு உண்டுமா தங்கச்சி?” என்று கேட்டார். படத்தின் பெயர் கேட்டேன். தெரியாது என்றார். எந்த வருஷம்? அதுவும் தெரியாது. “ஓரமா நிப்பாரு” என்றார். கூட்டத்தில் நிற்கிற துணை நடிகர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கோர்ட் சீன், கல்யாண சீன், கள்ளுக்கடை சீன் என்று ஆள் கூட்டமாக நிற்கிற ஸ்டில்களாகப் பார்த்து எடுத்துப் போட்டேன். ஒவ்வொன்றையும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூக்குக்கு அருகில் பிடித்துப் பார்த்தார். அடுத்த செவ்வாயும் வந்தார், அதற்கடுத்த செவ்வாயும் வந்தார்.

மூன்றாம் செவ்வாய் எனக்குப் பொறுக்கவில்லை. “அண்ணாச்சி, ஒரு ஸ்டில்லுக்கு எதுக்கு இந்தப் பாடு?” என்று கத்திவிட்டேன். அவர் கோபப்படவில்லை. அப்பா செத்தபோது அவருக்கு ஐந்து வயது. வீட்டில் அப்பாவின் முகம் எதிலும் இல்லை. சுவரில் அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆணி அடித்து, முப்பது வருஷமாக அது சும்மா நிற்கிறது. சொல்லி முடித்ததும் என் கோபம் கொஞ்சம் தணிந்தது. “சினிமாவுல நெறைய நாள் இருந்தாரா?” என்று கேட்டேன். “சாவுற வரைக்கும் சினிமாவுலதான் தங்கச்சி. வேற ஒரு வேலையும் அவருக்குத் தெரியாது.”

சும்மா ஒரு போட்டோ

இன்னொரு வகை ஆள் உங்கள் கடைக்கும் வருவார். எதையும் வாங்க மாட்டார், தொட்டு மட்டும் பார்ப்பார். அப்படி ஒருவர் வந்து, கண்ணாடிப் பெட்டியில் இருந்த பன்னிரண்டு ஸ்டில்களையும் வெளியே எடுக்கச் சொல்லி, வெளிச்சத்தில் வரிசையாக வைக்கச் சொல்லி, ஒவ்வொன்றையும் போனில் படம் பிடித்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பன்னிரண்டாவதில் என் விரல் விழுந்துவிட்டதாம், திரும்ப எடுக்க வேண்டுமாம். போனைப் பிடுங்கப் போனேன். அவருக்கு என் கோபம்தான் ஆச்சரியமாக இருந்தது. “எந்தினா சேச்சி சூடாகுந்நது? சாதனம் இவிடெத்தன்னெ உண்டல்லோ!” பொருள் இங்கேயேதான் இருக்கிறதாம்.

ஆளு வேண்டா

நீது என்ற பெண் வெள்ளையம்பலம் பக்கத்தில் புதிதாகக் காபிக் கடை போட்டாள். சுவர் முழுக்கப் பழைய சினிமா வேண்டும் என்று ஒன்பது படங்கள் எடுத்தாள். என்னோடு சரிக்குச் சரியாகப் பேரம் பேசின ஆள் அபூர்வம். அவளிடம் அரை நாள் போனது. ஒன்பதில் எட்டு ஸ்டில்கள். ஒன்பதாவது கிழக்கேகோட்டைப் பக்கத்துத் தியேட்டர் ஒன்றின் முகப்புப் படம். வாசலை மறைக்கிற பெரிய போஸ்டர், மேலே வளைவு, மின்சாரப் பல்புச் சரம். இடது ஓரத்தில் மடித்துக் கட்டின வேட்டியோடு ஒரு ஆள் வாளியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் போஸ்டரில் பிரஷ் வைத்தபடி நிற்கிறார்.

அந்த ஆளை எடுக்க வேண்டும் என்றாள் நீது. நகல் போட்டுத் தருகிறேன் என்றால் கேட்கவில்லை, அசல்தான் வேண்டுமாம். எங்கள் தொழிலில் இது தினப்படி வேலை. ஓரத்தில் சைக்கிள் நிற்கும், பீடி குடிக்கிறவர் நிற்பார், நாய் படுத்திருக்கும். இரும்பு ஸ்கேல் வைத்து ஒரு இழுப்பு இழுத்தால் போஸ்டர் மட்டும் நடுவில் வந்து நிற்கும். எத்தனை பேரை அப்படி எடுத்திருப்பேன் என்று கணக்கே இல்லை. இருந்தாலும், அவர் பாட்டுக்கு ஓரமாக நிற்கிறார், உனக்கு என்ன இடைஞ்சல் என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன். “ஈ ஆளெ கண்டா சாயா குடிக்கான் தோணில்ல சேச்சி.” அவரைப் பார்த்தால் டீ குடிக்கத் தோன்றாதாம். நான் வெட்டினேன்.

ஒரு சொல்

அடுத்த வாரம் செல்லப்பன் அண்ணாச்சி வந்தபோது எனக்குத் தலைவலி. அவர் உட்காருவதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டேன். “நடிகருக்க பேரையாவது சொல்லுங்க அண்ணாச்சி, இல்லன்னா ஆளை விடுங்க!” அவர் மிரண்டுபோனார். “நடிகரா? ஆரு நடிகர்? அப்பா போஸ்டர் ஒட்டுன ஆளாக்கும்.” பிறகு அம்மா சொன்ன கதையைச் சொன்னார். ஒரு ரிலீஸ் அன்றைக்குத் தியேட்டர் வாசலில் ஸ்டூடியோக்காரர் படம் எடுக்க வந்திருக்கிறார். தள்ளி நில்லு என்று சொல்லியும் அப்பா நகரவில்லை. நகர்ந்தால் மைதாப் பசை காய்ந்துவிடும், பாதி ஒட்டின போஸ்டர் சரிந்துவிடும். அதனால் வாளியும் பிரஷுமாகப் படத்தில் விழுந்துவிட்டார்.

அண்ணாச்சி கேட்டது இந்தப் படம். நான் தேடியது அந்தப் படம். நம் ஊரில் சினிமாவும் படம், சுவரில் மாட்டுவதும் படம். மேல்தட்டில் இருந்த முகப்புப் படங்களை அவருக்கு நான் எடுத்துக் காட்டவே இல்லை. அதில் நடிகர்கள் இல்லையே! போன வாரம் வாளியோடு நின்ற ஆளை வெட்டினதை அவரிடம் சொன்னேன். என்னைத் திட்டுவார், திட்டினால் நானும் பதிலுக்குக் கத்தி ஆறிக்கொள்ளலாம் என்று பார்த்தேன். அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டே, “நான் மொதல் நாளே சொன்னேம்லா தங்கச்சி, அப்பாக்க படம்னு” என்றார்.

சுகுமாரனின் சிக்கனம்

வெட்டின துண்டு எங்கே? நீதுவின் ஒன்பது படங்களுக்கும் பிரேம் போட்டது அடுத்த சந்தில் இருக்கிற சுகுமாரன். படத்தை அவன் மேஜையில் வைத்துத்தான் வெட்டினேன். ஓடிப்போய் அவன் குப்பைக் கூடையைக் கவிழ்த்தேன். அவனுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் பெருமையாகச் சிரித்தான். துண்டு துணுக்கு எதையும் அவன் எறிவதில்லை. பிரேமுக்குள் படம் ஆடினால் பின்னால் சந்து அடைக்க அதைத்தான் செருகுவான். ஆக, அண்ணாச்சியின் அப்பா அந்த ஒன்பதில் ஏதோ ஒன்றுக்குப் பின்னால் அட்டையோடு அட்டையாக நிற்கிறார். எதில் என்று கேட்டால் தெரியாது. நான் சந்தே அதிரக் கத்தினேன். சுகுமாரன் ஆணி எடுக்கிற குறடைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னான்: “வெட்டியது சேச்சியல்லே? ஞான் களஞ்ஞில்லல்லோ.” நான் எறியவில்லையே என்கிறான்.

ஒன்பது பிரேம்

அண்ணாச்சியும் சுகுமாரனும் நானுமாகக் காபிக் கடைக்குப் போனோம். சாயங்காலக் கூட்டம் சேருகிற நேரம். நீது ஒன்பதையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். “ஒம்பதும் அழிக்கணோ?” என்றாள். மலையாளத்தில் அழிக்க என்றால் பிரிக்க. அன்றைக்கு எனக்கு அது தமிழிலும் சரியாகவே கேட்டது. வேண்டியது எனக்கு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அப்புறம் பேரம் எங்கே நிற்கும்? நான்கு ஸ்டில்கள் சும்மா தந்தால் பிரிக்கலாம் என்றாள். இத்தனை வருஷத்தில் முதல் கேட்பிலேயே நான் சரி என்று சொன்னது அன்றுதான்.

ஆறாவது பிரேமில் கிடைத்தது. நான்கு விரல் அகலத் துண்டு. ஒல்லியான ஆள், அடர்ந்த புருவம், இடது கையில் வாளி. வலது கை மணிக்கட்டோடு நின்றது. அண்ணாச்சி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அழப்போகிறார் என்று நான் தண்ணீர் கேட்கத் திரும்பினேன். அவர் அழவில்லை. “தெரியல தங்கச்சி” என்றார். “மொகம் எனக்கு நெனப்பு இல்ல. கைதான் ஓர்மை. கை எங்க?”

கை சுவரில் இருந்தது. சுகுமாரன் முகப்புப் படத்தையும் இறக்கி, பிரித்து, மேஜை மேல் வைத்தான். அண்ணாச்சி துண்டை அதன் ஓரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். மணிக்கட்டு மணிக்கட்டோடு பொருந்தியது. பிரஷ் பிடித்த கையில் நான்கு விரல்கள் மடங்கியிருந்தன. சுண்டுவிரல் மட்டும் விறைப்பாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. “சோறு பெசைஞ்சாலும் அது மடங்காது” என்றார் அண்ணாச்சி. “அப்பாதான்.” பிறகு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். பக்கத்து மேஜைகளில் இருந்தவர்கள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். நீதுவும் பார்த்தாள், அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. கண்ணைத் துடைத்துவிட்டு, ஆள் இருக்கிற பிரதி ஒன்று தனக்கும் வேண்டும் என்றாள்: “சேச்சி, ஆ ஆளெயும் கூட்டி ஒரு பிரின்ட் எனிக்கும் தரணே. கஸ்டமர்ஸினு ஒரு கதை வேணமல்லோ.”

கோடு

துண்டையும் படத்தையும் ஸ்கேன் செய்து, ஒன்றாகச் சேர்த்து, பெரிதாக ஒரு பிரதி எடுக்க அண்ணாச்சியை ஒரு ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போனேன். கம்ப்யூட்டரில் அப்பா முழுசாக வந்து நின்றார். மணிக்கட்டில் மட்டும், நான் கத்தி இழுத்த இடத்தில், மேலிருந்து கீழே ஒரு வெள்ளைக் கோடு. ஸ்டூடியோக்காரர் இரண்டு தட்டுத் தட்டி அதை அழித்துவிடலாம் என்றார். நானும் அழியுங்கள் என்று அவசரப்படுத்தினேன்.

ஒரு மாதமாக என் கத்தலை எல்லாம் வாங்கிக்கொண்டு எதிர்த்து வாய் திறக்காத மனிதர் அப்போதுதான் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். “கோடு கெடக்கட்டும் தங்கச்சி. அப்பாவைக் கண்டுபிடிச்சுத் தந்தது ஆருன்னு பேரப்பிள்ளைங்க கேட்டா உங்க பேரைச் சொல்லுவேன். வெட்டுனது ஆருன்னு கேட்டாலும் அதே பேரைத்தானே சொல்லணும்.”

இப்போதெல்லாம் ஸ்கேலை வைப்பதற்கு முன்னால் ஓரத்தில் நிற்கிற ஆளிடம் நீங்கள் யாருடைய அப்பா என்று ஒரு தடவை கேட்டுவிடுகிறேன், அதற்குக்கூட ஒருவரும் மரியாதையாகப் பதில் சொல்வதில்லை.